இழுப்பறையில் கிமியே

இழுப்பறைக்குள் இருந்த போன் அடித்தது. இன்னும் வாடகைக்குப் போகாத போன். அதன் எண் யாருக்கும் தெரிய நியாயமில்லை.

சுமாலி அதை எடுத்து, வேலைப் பழக்கத்தில் ஜப்பானிய மொழியிலேயே, "ம், சொல்லுங்க" என்றாள்.

மறுமுனையில் படகு இரைச்சல்.  அதற்கு நடுவே ஒரு வயதான குரல், "கிமியே?" என்றது.

அவளுக்கு விளங்கிவிட்டது. நேற்று நிஷிவாகி என்ற பெரியவர் பாங்காக்கில் இறங்கிய கையோடு, ஜப்பானியப் பயணிகளுக்குப் போன் வாடகைக்கு விடும் இந்தக் கடைக்கு வந்து இரண்டு போன்கள் எடுத்தார். ஒன்று தனக்கு; மற்றது மனைவி கிமியேவுக்கு. போனின் முதுகில் அதன் எண்ணை எழுதிய துண்டுச்சீட்டை ஒட்டித் தருவது கடை வழக்கம். மனைவியின் போனில் இழுப்பறைப் போனின் சீட்டை ஒட்டிக் கொடுத்திருக்கிறாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டடி தள்ளி முதலாளி முராசே நின்று பேனாக்களை நீளவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். கடையில் ஒரு தவறு நேர்ந்தால் அவர் பலகாரப் பெட்டியோடு வாடிக்கையாளரின் ஓட்டலுக்கே போய், இடுப்பு ஒடிய வணங்கி மன்னிப்புக் கேட்பார். சுமாலிக்காக இந்த வருடம் இரண்டு முறை வணங்கியாயிற்று. மூன்றாவது வணக்கத்தோடு அவளுக்கு வேலை போய்விடும் என்று சொல்லியும் வைத்திருந்தார்.

"நான்தாங்க" என்றாள் சுமாலி, குரலைத் தாழ்த்திக் கிழவியாக்கி.

மறுமுனையில் ஏதோ கீழே விழும் சத்தம். இணைப்பு அறுந்தது.

முராசே உள்ளறைக்கு நகர்ந்ததும் பக்கத்து நாற்காலி நிங் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பொண்டாட்டி குரல் கூடவா தெரியாது அந்த மனுஷனுக்கு?"

"நாப்பது வருஷம் ஆபீஸ்லயே கிடந்திருப்பார்டி. வீட்ல 'சோறு, குளியல், தூக்கம்'னு மூணே வார்த்தை. அந்தம்மா பதில் சொல்லியிருந்தாத்தானே குரல் தெரியும்?"

"அப்போ போனை அணைச்சு வை."

அணைத்தாள். அரைமணி நேரத்தில் கடைத் தொலைபேசி ஒலித்தது. முராசே பேசி வைத்துவிட்டுத் திரும்பினார். "நிஷிவாகி. மனைவியின் எண் கிடைக்கவில்லையாம். இன்னும் ஒரே ஒரு தடவை இணைத்துக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறார். என்ன கோளாறு என்று பார்."

சுமாலி போனை மறுபடி உயிர்ப்பித்தாள். அது உடனே அடித்தது. அதை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள்.

"கிமியே, அங்க எப்படி இருக்கு?"

ஓட்டல் அறைகளின் ஏசியை நினைத்துக்கொண்டாள். "கொஞ்சம் குளிருதுங்க."

"எங்கம்மாவும் அங்கதானே?"

குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. "ஆமா. பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க."

"இப்பவும் உன்னைத் திட்டுறாங்களா?"

"இல்லீங்க. இங்க வந்தப்புறம் தங்கமா நடந்துக்கிறாங்க."

அவர் அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல், மூச்சை விழுங்கி விழுங்கி. உச்சி வெயிலில் நின்றிருந்த சுமாலிக்குக் கை மயிர் சிலிர்த்தது. ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் உள்ளே திரும்பி வந்து சொன்னதும், "மாமியார் திருந்தினா எந்தப் புருஷனுக்கும் அழுகை வரும்" என்றாள் நிங். "நீ ஏன் வெளுத்துப் போயிருக்க?"

"அவர் பேசுற விதமே சரியில்லைடி. கிணத்துக்குள்ள குனிஞ்சு பேசுற மாதிரி இருக்கு. நாளைக்கு முராசே வரி ஆபீசுக்குப் போவார். அப்போ ஓடிப்போய் அந்தம்மா கால்ல விழுந்தாவது சீட்டை மாத்திடுறேன். அதுவரைக்கும் நான்தான் கிமியே."

மறுநாள் முராசே கையில் பையை எடுத்த நேரம் போன் அடித்தது. சுமாலி அதோடு பின்கட்டுக்கு நழுவினாள்.

"கிமியே, மறுபடி நெஞ்சு வலி. இந்த ஊர் டாக்டர் உடனே வந்து படுக்கச் சொல்றார். எனக்கு அலுத்துப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா, உங்கிட்டயே வந்துடட்டுமா?"

 வாடிக்கையாளர் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனால் மொழிபெயர்க்க முராசேயே கிளம்பிவிடுவார். அங்கே போனதும் முதல் வேலையாகப் பெரியவரின் மனைவிக்குத்தான் போன் செய்வார்.

"டாக்டரெல்லாம் எதுக்குங்க? நேரா எங்கிட்ட வந்துடுங்க."

"பயமா இருக்கு."

"என்ன பயம்? எல்லாரும் உங்களுக்காகத்தானே காத்துக்கிட்டிருக்கோம்!"

 பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள் என்று கேட்ட பிள்ளையின் குரலில், "இதோ வந்துட்டேன்" என்றார்.

முராசேயின் கார் முனை திரும்பியதும் சுமாலி மோட்டார்சைக்கிள் டாக்சியில் ஏறி உட்கார்ந்தாள். பெரியவருக்கு முன்னால் அறைக்குப் போயாக வேண்டும். சிவப்பு விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வத்தைக் கூப்பிட்டாள். ஓட்டலின் ஆறாவது மாடியில் மின்தூக்கி நின்றபோது, துப்புரவுப் பெண் ஒருத்தி அவருடைய அறைக் கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டியில் துவாலைகளும் ஒரு குப்பைப் பையும்.

"தங்கச்சி, ஒரே நிமிஷம்" என்றாள் சுமாலி மூச்சு வாங்க. "அந்தப் பெரியவர் வர்றதுக்குள்ள அவர் வீட்டம்மாவைப் பார்க்கணும். உள்ள இருக்காங்களா?"

அவள் விழித்தாள்.

"எந்த அம்மாக்கா? கறுப்பு நாடா கட்டின வயசான அம்மா போட்டோ ஒண்ணுதான் இருக்கு, வந்ததுலேருந்து அதுக்கு முன்னாடிதான் சோறும் போனும் வச்சுட்டு வெளிய போவார். இப்பத்தான் சிரிச்சுக்கிட்டே வந்து, மாத்திரை அத்தனையும் என் குப்பைப் பையில கொட்டிட்டு, கோட்டு சூட்டோட அந்தப் போட்டோ பக்கத்துல படுத்துக்கிட்டு, எழுப்பாதேன்னு கையைக் காட்டினார்."