செத்த வீட்டில் நான் அடித்த காற்று

அப்பாவின் செத்த வீட்டன்று பெட்டி எடுக்கும்வரை நான் அழவில்லை. தண்ணீர்த் தாங்கிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரித்து வைக்கிறேன்.

கொழும்பு பாமன்கடையில் எங்கள் வீட்டுக்குக் குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான். (மாநகரசபை லைன் தண்ணீர் எடுப்பதில்லை என்பது அப்பாவின் பிடிவாதம்.) மோட்டர் இழுக்கிற தண்ணீர் ஒரு இரும்புத் தாங்கிக்குள் போகும். உள்ளே ரப்பர் பையில் தண்ணீர், அதைச் சுற்றிக் காற்று. காற்று அமுக்கும்போது குழாயில் தண்ணீர் வரும். காற்று இறங்கிப்போனால் ஒருவர் கை கழுவினாலே மோட்டர் ஓடத் தொடங்கிவிடும். அன்று அப்படித்தான் ஓடியது. அப்பாவைக் கிடத்தியிருந்த ஹோலின் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மோட்டர். தேவாரம் பாடியவரின் குரலே கேட்கவில்லை.

"தம்பி, அந்தச் சத்தத்தை ஒருக்கா நிப்பாட்டுறியே? அப்பா நித்திரை கொள்ளுற மாதிரிக் கிடக்கிறார்" என்றார் அம்மா.

வீட்டில் ஒரு பல்பு கூட மாற்றாத ஒரே மகன் நான். ஆனால் உடனே எழும்பினேன். உண்மையைச் சொன்னால், அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. தாங்கியைப் பார்ப்பது சுலபம்.

போனில் ஒரு வீடியோ அகப்பட்டது. ஏழு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் ஐயர் கூப்பிட்டுவிட்டார். எவ்வளவு காற்று என்பது மிச்ச நாலு நிமிடத்தில் இருந்ததாம். திரும்பி வந்து மோட்டரை நிறுத்தி, கார் டயருக்கு அடிக்கிற பம்பைப் பூட்டினேன். அக்காவின் புருஷன் காற்று மீற்றரைப் பிடித்தார்.

"எத்தினை அடிக்கிறது?"

"என்ர காருக்கு முப்பத்திரண்டு, அத்தான். இது டயரை விடப் பெரிசு. நாப்பத்தஞ்சு அடிப்பம்."

"உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

(எனக்குத் தெரியாது.) எங்கள் மோட்டர் தாங்கியின் அழுத்தம் இருபதில் ஓடத் தொடங்கி நாற்பதில் நிற்பது. தாங்கியில் இருந்த தண்ணீரை முழுதாக இறக்கிவிட்டு, இருபதுக்கு இரண்டு குறைவாகப் பதினெட்டு அடித்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து அடித்தால் பை நசுங்கிவிடும், மோட்டர் எவ்வளவு தள்ளினாலும் உள்ளே ஒரு சொட்டும் போகாது. இதெல்லாம் பிறகு மெக்கானிக் சொன்னது. அப்போதோ, நான் அடிக்க அடிக்கக் குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. அது தாங்கியில் இருந்த கடைசித் தண்ணீர் என்று தெரியாமல் அத்தானை ஒரு பார்வை பார்த்தேன். பெட்டி எடுக்கும்வரை மோட்டரைப் போட வேண்டாம் என்று உத்தரவும் போட்டேன். வீடு அமைதியானது. அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

கனத்தை மயானத்தில் எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது அக்காவின் போன்.

"என்னடா செய்து வைச்சனி? மோட்டர் செக்கனுக்கு ஒருக்கா விட்டு விட்டு அடிச்சுப் புகைஞ்சு போச்சு. வீடு கழுவேல்ல, ஒருத்தரும் முழுகேல்ல. அம்மா காலமை இன்சுலின் போட்டவ. முழுகாமல் வாயில ஒண்டும் வைக்கமாட்டன் எண்டு நிக்கிறா!"

திரும்பி வந்து, நாங்கள் நாற்பது ஆண்கள் வீட்டுக் கேற்றடியில் நின்றோம். முழுகாமல் உள்ளே போக முடியாது. பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கும் ஒரு பெட்டி சொல்லியிருக்கலாம் போலிருந்தது. விறாந்தைக் கதிரையில் அம்மா வியர்த்துக்கொண்டிருந்தார். இரத்தத்தில் சீனி இறங்கியிருந்தது. ஒரே நாளில் இரண்டு பேரையும் தொலைக்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு ஹனீபா நானாவும் மனைவியும் ஓடி வந்தார்கள்.

"டீச்சர், எங்கட வீட்ட தண்ணி ஈக்கி. வாங்க" என்றார் நானா அம்மாவிடம்.

"துடக்கோட இன்னொருத்தற்ற வீட்டுக்க நான் கால் வைக்கமாட்டன்" என்றார் அம்மா. சாவுத் தீட்டு முப்பத்தொரு நாளும் அப்படித்தான், எங்கள் வழக்கம்.

"எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்ல டீச்சர். எழும்புங்க" என்று நானாவின் மனைவி அம்மாவைக் கையோடு தூக்கிக்கொண்டு போனார்.

நானாவின் கராஜில் ஒரு ஹோஸ் பைப்பில் நாற்பது பேரும் வேட்டியோடு முழுகினோம். ஒழுங்கை முழுவதும் நின்று பார்த்தது. நானா வீட்டுக் குசினி ஜன்னலால் அம்மா தெரிந்தார். ஈரத் தலையோடு, சீனி போட்ட பிளேன்ரீயில் பாணைத் தோய்த்துச் சாப்பிட்டார். பிறகு நானாவின் மனைவியின் தோளில் சாய்ந்து, அன்று முதல் தடவையாகக் குரல் விட்டு அழுதார். நானும் அப்போதுதான் அழுதேன். தலையில் தண்ணீர் ஓடியதால் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சொந்தத்தில் யார் மோசம் போய்ச் செத்த வீடு நடந்தாலும், "அவன் வந்திட்டானோ? மோட்டர் அறையைப் பூட்டுங்கோ" என்பதுதான் முதல் பேச்சு. அம்மாவும் விடமாட்டார். வருகிற எல்லோரிடமும், "நான் போற அண்டைக்கு ரெண்டு ட்ரம்மில தண்ணி பிடிச்சு வையுங்கோ. இவனை நம்பேலாது" என்பார். எல்லோரும் சிரிப்போம்.

போன வைகாசியில் அம்மா போனார். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வருவதற்கு முன், ட்ரம் தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். இரண்டும் விளிம்புவரை நிறைந்து, மூடியிருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் அம்மா தானே நின்று பிடித்து வைத்தாராம்.