வலக்கண்ணில் வந்த விருந்தாளி

திருகோணமலைத் துறைமுகத்தில் எவ்வளவு பெரிய கப்பலையும் கட்டி நிறுத்திவிடலாம். சுக்கான் அண்ணரின் வாயைக் கட்டத்தான் கயிறு கிடையாது. மூதூருக்கு ஆள் ஏற்றிப் போகும் லோஞ்சுப் படகில் சுக்கான் பிடித்தவர் என்பதால் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்து வந்த மாமனாரையே, "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை" என்று திருப்பி அனுப்பியவர்கள் நாங்கள்.

இடக்கண்ணைச் சின்ன வயதிலேயே அம்மை கொண்டுபோயிருந்தது. பிறகு கயிற்றுத் தும்பு குத்திப் புண்ணாகி, வலக்கண்ணிலும் பூ விழுந்தது. ஒருநாள் இறங்குதுறைக்கு எதிரே இருந்த என் தேத்தண்ணிக் கடைக்கு வந்து, தொங்கிய வாழைக்குலையைப் பார்த்து, "என்ன தம்பி, மெலிஞ்சு போனீர்?" என்றார். லோஞ்சு முதலாளி சுக்கானை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

"பூ தலையில எண்டால் வடிவு. கண்ணில பூத்தால் ஆர் தம்பி பார்க்கிறது?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கொழும்பில், யாரோ ஒருவர் இறக்கும்போது தானம் தந்த விழிவெண்படலத்தை, அதுதான் கருவிழிக்கு மேலே கண்ணாடிபோல இருக்கும் தோலை, அவருக்கு வைத்துத் தைத்தார்கள். "உங்கட உடம்பு இதை ஏற்கவேணும். ஏற்காட்டி மங்கிப் போயிடும்" என்றாராம் டொக்டர். அண்ணர் விளங்கிக்கொண்டது இப்படி: வந்திருப்பவர் விருந்தாளி. மரியாதை குறைந்தால் கோபித்துக்கொண்டு போய்விடுவார். போனால் சுக்கானும் போச்சு.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் மாறியது. மனைவி பாக்கியம் அக்கா வாயைத் திறந்தால், "சண்டையெண்டால் இடப்பக்கம் வந்து பிடி. வலப்பக்கம் ஆள் இருக்கு" என்பார்.

"ஓம், அந்தப் பக்கம் அகப்பையைத் தூக்கினாலும் உங்களுக்குத் தெரியாது. எனக்கும் வசதி" என்பா அக்கா.

விருந்தாளி கடல் காணாத மலைநாட்டுக்காரராக இருக்கலாம் என்று, என் சைக்கிளில் பின்னால் ஏறி நிலாவெளிவரை போய்க் கடல் காட்டினார். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளை எட்டிப் பார்த்தபோது காவல்காரன் அதட்டினான். "நான் பார்க்கேல்லை ராசா. இவர்தான் பார்க்கிறார், ஊருக்குப் புதுசு" என்று கண்ணைக் காட்டினார் அண்ணர். அவன் என்னைப் பார்த்து, "இவருக்குக் கண்ணிலயோ, தலையிலயோ?" என்றான்.

ஒரு காலை கண் இரத்தமாய்ச் சிவந்திருந்தது. அண்ணர் கதிரையில் இடிந்துபோய் இருந்தார். "முந்தாநாள் மச்சானோட வலப்பக்கமா நிண்டு கத்திப்போட்டன். கோபிச்சிட்டார் தம்பி." பக்கத்து வீட்டார் ஏதோ பச்சிலைச் சாற்றுடன் ஓடி வந்தார்கள். அண்ணரும் சொட்டு விட முகத்தை நிமிர்த்திக் கொடுத்துவிட்டார்.

பாக்கியம் அக்கா நடுவில் புகுந்தா. "விருந்தாளிக்குக் கண்டதையும் குடுக்கிறதோ? கூட்டிவந்த டொக்டரிட்ட, அவருக்கு என்ன ஒத்துக்கொள்ளும் எண்டு கேட்டிட்டெல்லோ குடுக்கவேணும்!"

அன்றைய ரயிலிலேயே அண்ணரைக் கொழும்புக்கு இழுத்துக்கொண்டு போனா. நல்ல நேரத்துக்கு வந்தீர்கள் என்று டொக்டர் சொட்டுமருந்து கொடுத்தாராம். சிவப்பு மெல்ல மெல்ல இறங்கியது. மச்சானுக்கும் ஒரு வாழைப்பழச் சீப்பு போனது.

தடித்த கண்ணாடியுடன் அவர் இறங்குதுறைக்குத் திரும்பி வந்தபோது லோஞ்சு முதலாளி சோதித்தார். "அந்தா வாற வள்ளத்தில ஆர்?"

"கிண்ணியாக் காக்கா. வாயில சுருட்டு. அணைஞ்சுபோச்சு."

"அணைஞ்சது இஞ்சயிருந்து தெரியுதோ?"

"மடியைத் தடவி நெருப்புப்பெட்டி தேடுறாரெல்லோ!"

சுக்கான் மறுபடி அவர் கைக்கு வந்தது. அன்று மூதூர் போனவர்கள் எல்லாரும் விருந்தாளியின் கதையை இரண்டு தரம் கேட்டார்கள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

பல வருடங்களுக்குப் பிறகு நெஞ்சுவலி வந்து அண்ணர் போனார். விருந்தாளி கடைசிவரை மங்கவில்லை. பாக்கியம் அக்கா முதலில் இடக்கண்ணை மூடினா. வலக்கண்ணை மெல்லத் தடவி மூடினா. பிறகு, செத்தவீட்டில் ஒருவரும் சொல்லாத சொல்லைச் சொன்னா: "போயிட்டு வாங்கோ."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நானும் ஒரு தரம் சொன்னேன்.