ஃப்ரிட்ஜ் கதவில் அறவியல்

"யாரு? என் சாப்பாட்டைத் தின்னது யாரு?"

தத்துவத் துறை ஃப்ரிட்ஜின் முன்னால் காலி எவர்சில்வர் டப்பாவோடு நின்று பேராசிரியர் கத்தினார். அறவியல் வரலாற்றுக்கு முந்நூறு பக்க அறிமுகம் எழுதிப் போன வாரம்தான் வெளியிட்டிருந்தார். அதில் கோபத்தை வெல்வது பற்றி மட்டும் நாற்பது பக்கம். நன்றியுரையில் தன் மூக்குக்கண்ணாடியைக்கூட விடவில்லை.

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு வரியைச் சீட்டில் எழுதிக் கதவில் ஒட்டினார்: 'நற்குணம் என்பது பழக்கம்.'

செவ்வாயும் டப்பா காலி. சீட்டின் கீழே யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்: 'பசியும்தான்.'

"திமிரைப் பாருங்க!"

நான்காம் அத்தியாயத்துக்குத் தாவினார்: 'நீ செய்வதை எல்லோரும் செய்தால்?'

எல்லோரும் யோசித்தார்கள். யோசித்து, ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு, டப்பாக்களை மேசை இழுப்பறையில் ஒளித்தார்கள். மாலைக்குள் துறையே ஊசிப்போய் நாறியது.

புதன்கிழமை அட்டெண்டரை அனுப்பிப் பூட்டு வாங்கி ஃப்ரிட்ஜில் போட்டார். எல்லார் டப்பாவும் உள்ளே. சாவி அவர் சட்டைப்பையில். அவரோ தன்னடக்கம் பற்றி இரண்டு மணி நேர வகுப்பில்.

"சார், உயிர் போகுது! சாவியக் குடுங்க!" வாசலில் நின்று கெஞ்சினார் தர்க்கவியல் பாடம் நடத்தும் அம்மா.

"பொறுமையும் ஒரு அறம்தான் மேடம்!"

வகுப்பு முடிந்து பூட்டைத் திறந்தார். எல்லா டப்பாவும் வைத்தபடியே இருந்தன. அவருடையது மட்டும் காலி.

"அட்டெண்டர்! பூட்டு வாங்கும்போதே கள்ளச்சாவி போட்டுட்டியா?"

"சார், இருபது வருஷமா இங்க இருக்கேன். ஒரு குண்டூசி எடுத்ததில்ல."

"வாயை மூடு! இன்னிக்கே உன் வேலை போகுது பாரு!"

கல்லூரி முதல்வருக்குப் புகார் எழுதக் காகிதம் தேடினார். நீதி பற்றிய அத்தியாயத்தின் அச்சுப்படி கிடைத்தது. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் வசதியாகப் போயிற்று.

அட்டெண்டர் துறை போனில் பேராசிரியர் வீட்டு எண்ணை அழுத்தி, அவர் மனைவி எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, ஐயா சாப்பாட்டை நான் திருடுறேன்னு வேலைய விட்டே துரத்துறாரும்மா! நீங்களாவது சொல்லுங்க!"

"நீங்க ஏண்ணே திருடப் போறீங்க? திங்கக்கிழமையிலேருந்து நான் அதுல எதுவுமே வைக்கல. முந்நூறு பக்கத்தையும் டைப் அடிச்சவ நான்; நன்றி மூக்குக்கண்ணாடிக்கு. அதையே சமைச்சுப் போடச் சொல்லுங்க!"