போனில எல்லாம் கதைக்க ஏலாது

"டொக்டர், எங்கட ஆள் ஒண்டுக்குச் சுகமில்லை," என்றான் குலசிங்கம்.

"எங்கட ஆள் எண்டால்?"

"போனில எல்லாம் விளக்கமாச் சொல்ல ஏலாதுதானே."

மறுமுனையில் டொக்டர் சோமசேகரம் சட்டென்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அறைக்குள் குலசிங்கத்தின் மனைவி கமலேஸ்வரி வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தாள். சமாதானம் முறிந்து ஆமிக்கும் இயக்கத்துக்கும் மறுபடி சண்டை மூண்ட ஆண்டு அது. கிளிவெட்டியிலிருந்து திருகோணமலைக்குப் போகும் பாதையை மூடி எட்டு நாளாகிவிட்டது. பாதை மூடினால் போனில் நோயைச் சொல்லுங்கள், நான் மருந்து சொல்கிறேன் என்று ஊருக்கெல்லாம் இலக்கம் கொடுத்துவிட்டுப் போனவரே இந்தச் சோமசேகரம்தான்.

ஆனால் போன் கதையை ஆமி ஒட்டுக்கேட்கிறது என்பது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் போனில் எவரும் பெயர் சொல்வதில்லை, இடம் சொல்வதில்லை. கல்யாணத்துக்குக்கூடக் களவுக்கு அழைப்பதுபோலத்தான் அழைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் குலசிங்கமும் மனைவியை 'ஆள்' ஆக்கிவிட்டான்; டொக்டரோ அதை இயக்கத்து ஆள் என்று எடுத்துக்கொண்டார்.

"என்னவாம்?" என்று முனகினாள் கமலேஸ்வரி.

"போனை வெட்டிப்போட்டார்."

"மனிசிக்கு வயித்துக்குத்து எண்டு நேரச் சொன்னால் என்னப்பா?"

அதுவும் நியாயம்தான். குலசிங்கம் மறுபடி அழைத்தான்.

"டொக்டர், ஆள் எண்டது என்ர மனிசியை. வலது பக்கம், கீழ குத்துது."

"முதல் ஆள் எண்டீர். இப்ப மனிசி எண்டுறீர்." டொக்டரின் குரல் தணிந்தது. "எனக்கு வலமும் இடமும் ஒண்டும் சொல்ல வேண்டாம்."

"வயிறு டொக்டர்! மெய்யாவே வயிறு!"

"தம்பி, நான் பிள்ளைகுட்டிக்காரன்."

மறுபடியும் துண்டிப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் மனிதரைக் குறைசொல்லவும் முடியாது. காயம்பட்ட இயக்கக்காரன் ஒருவனுக்குக் கட்டுப்போட்டதற்காக அவருடைய கூட்டாளி டொக்டரைப் போன மாதம் ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

சந்தேகத்துக்கே இடம் வைக்கக்கூடாது என்று குலசிங்கம் தீர்மானித்தான். கொப்பி ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி, மூன்றாம் தடவை அழைத்து, மூச்சுவிடாமல் வாசித்தான்.

"கமலேஸ்வரி, வயது முப்பத்துநாலு. காய்ச்சல் நூற்றுமூண்டு. வாந்தி ஏழு தரம். குத்துத் தொடங்கினது நேற்று நாலரை மணி..."

"ஐயோ! முப்பத்துநாலு, நூற்றுமூண்டு, ஏழு, நாலரை!" டொக்டர் அழாக்குறையாகக் கத்தினார். "இவ்வளவு இலக்கத்தையும் போனிலயோ வாசிக்கிறீர்? ரகசியக் குறி எண்டல்லோ ஆமி நினைக்கும்! என்னைச் சாக்கொல்லப் போறீரோ?"

அதன் பிறகு எத்தனை முறை அழைத்தும் அவருடைய போன் உயிர்க்கவில்லை.

குலசிங்கம் நிலத்தில் குந்திவிட்டான். கமலேஸ்வரியின் முனகலும் இப்போது நின்றிருந்தது. முனகலைவிட அதுதான் அவனைக் கூடுதலாகப் பயமுறுத்தியது. கண் முன்னே மனைவி செத்துப்போவாள், தன் கையில் போன் இருக்கும் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது.

அப்போது போன் அடித்தது. டொக்டர்தான் மனம் மாறிவிட்டார் என்று பாய்ந்து எடுத்தான். தெரியாத குரல் ஒன்று, சிங்களம் கலந்த தமிழில், மரியாதையாகச் சொன்னது:

"ஐயா, பயப்பட வேணாம், நீங்க எடுத்த மூணு போன் கோலும் நாங்க கேட்டதுதானே, உங்க வீட்டு நோனாவுக்கு அப்பெண்டிக்ஸ் எண்டு எங்கட டொக்டர் மாத்தையா சொல்றாரு, உடனே ஆமி காம்புக்குத் தூக்கிட்டு வாங்க."