உங்கள் மேல்வரிசை தயாராக உள்ளது

பெருமதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

கீழ்வீட்டிலிருந்து உங்கள் தம்பி மனைவி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தம்பியும் உடம்பளவில் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று கேட்கத்தான் வழியில்லை. தலைக்கு மேலே நாற்காலியை இழுக்கிற சத்தம் பலமாகக் கேட்பதால் தெம்பாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரே வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் கடிதமா என்று உங்கள் தம்பி தலையில் அடித்துக்கொள்கிறார். நான் என்ன செய்வேன்? நேரில் வந்தால் கதவைச் சாத்துகிறீர்கள். போன் செய்தால் எடுத்து வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் விடுகிறீர்கள். காலையில் வாசலில் நின்று "அண்ணி"ன்னு கூப்பிட்டா, அங்க ஒரு ஆளே இல்லாத மாதிரி விறுவிறுன்னு பள்ளிக்கூடம் போறீங்க. அதனால் எழுதுகிறேன். கையால் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

உங்கள் மேல்வரிசைப் பல்லை எடுத்த விஷயம் இந்த உலகத்தில் மூன்றே பேருக்குத்தான் தெரிய வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். நீங்கள், எங்கள் பல் டாக்டர், அங்கே வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிற நான். (உங்கள் தம்பிக்கும் தெரியும். அவர் கணக்கில் வரமாட்டார் என்று நினைத்தேன்.) பள்ளிக்கூடத்தில் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி மாஸ்க் போட்டுக்கொண்டு, பேசாமல் சைகையிலேயே நிர்வாகம் நடத்திக்கொண்டிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை உங்கள் பணி நிறைவு விழா. அன்றைக்குப் புதுப் பல்செட்டைப் போட்டுக்கொண்டு, மாஸ்க்கைக் கழற்றி, ஒரு எழுத்துகூட நழுவாமல் நீங்கள் பேச வேண்டும். "என் பல்லு கல்லையும் கடிக்கும்"னு ஊரெல்லாம் சொல்லி வெச்ச பெரிய டீச்சர் நீங்க. உங்க உச்சரிப்புக்கு நடுங்காத பிள்ளை இந்த ஊர்ல உண்டா? இதெல்லாம் எனக்குத் தெரியாதா அண்ணி? தெரிஞ்சதுனாலதான் இவ்வளவும் நடந்தது.

எப்படி என்று சொல்கிறேன், கடிதத்தைக் கசக்கிவிடாமல் படியுங்கள். எங்கள் கிளினிக்கில் பல்செட் தயாரானதும் அவரவர்க்குத் தபாலில் ஒரு கடிதம் போகும். "உங்கள் மேல்வரிசை தயாராக உள்ளது, வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று. கீழ்வரிசைக்காரர்களுக்குக் கீழ்வரிசை என்று வரும். கடிதம் ஒன்றுதான். பெயர், முகவரி, எந்த வரிசை என்பதெல்லாம் ஒரு லிஸ்டில் இருக்கிறது. அந்த லிஸ்ட் என் கம்ப்யூட்டரில் இல்லை, பின்ரூம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. என் திரையில் இசட் டிரைவ் என்று தெரியும். கடிதம் தானாகவே இசட்டுக்குப் போய் ஒவ்வொரு பெயராக எடுத்துக்கொண்டு வந்து தன் தலையில் வைத்துக்கொள்ளும். இதற்கு மெயில் மெர்ஜ் என்று பெயர். நான் வைத்த பெயர் இல்லை.

ஊரில் யாருக்குக் கடிதம் போனாலும் உங்களுக்குப் போகக் கூடாது, தபால்காரர் கையில் கூட அது படக் கூடாது என்பதற்காக, போன வாரம் லிஸ்டில் தேடித் தேடி உங்கள் பெயரைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தினேன். முழுப் பெயர், இனிஷியல், தலைமையாசிரியை என்ற பதவி எல்லாம் பளிச்சென்று வந்து நின்றது. அதை நீக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே கூப்பிட்டார், ஒரு பெரியவர் டாக்டர் விரலைக் கடித்துவிட்டார். எதையும் சேமித்துவிட்டு எழுந்திருப்பது என் பழக்கம். சேமித்துவிட்டு எழுந்தேன். மறுநாள் பெயிண்ட் அடிக்க ஆள் வந்துவிட்டது, கம்ப்யூட்டரையெல்லாம் அணைத்துத் துணி போட்டு மூடிவிட்டார்கள்.

பெயிண்ட் முடிந்து மறுபடி அந்தக் கடிதத்தைத் திறந்தால், நடுத்திரையில் ஒரு பெட்டி. இந்தக் கடிதம் வேறோர் இடத்திலிருந்து தகவல் எடுக்கப் போகிறது, தொடரலாமா, ஆமாமா இல்லையா என்று கேட்கிறது. இத்தனை நாளாக அந்தக் கடிதத்தை நான் மூடினதே இல்லை, அதனால் இப்படி ஒரு கேள்வியைப் பார்த்ததும் இல்லை. உங்கள் தம்பி எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிற ஒரே கம்ப்யூட்டர் பாடம் என்ன? "எந்தப் பெட்டி வந்து எதைக் கேட்டாலும் இல்லைன்னு போடு. ஆமாம்னு போட்டவன்தான் பாங்க்ல இருந்ததைத் தொலைச்சிட்டு நிக்கிறான்." நான் இல்லை என்று போட்டேன். கடிதம் சமர்த்தாகத் திறந்தது. உங்கள் பெயர் அப்படியே மேலே இருந்தது.

வழக்கமாக அச்சடிக்கிற பொத்தான் மங்கிப் போய் அழுத்தினால் நகரவில்லை. சரி, பெயிண்ட் வாசனை அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்து, சாதாரண அச்சுப் பொத்தானை அழுத்தினேன். எத்தனை பிரதி என்று கேட்டது. லிஸ்டில் எத்தனை பேரோ அத்தனை என்று போட்டேன். தப்பா அண்ணி? யாராக இருந்தாலும் அதைத்தானே போடுவார்கள்? முதல் தாள் வந்தது, உங்கள் பெயரோடு. நல்லவேளை, கண்ணில் பட்டதே என்று அதை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா! அண்ணிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு டீ கூட வாங்கிக் குடித்தேன். மிச்சத்தை எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மடித்து, கவரில் போட்டு, முன்னாடியே அடித்து வைத்திருந்த முகவரிச் சீட்டுகளை வரிசையாக ஒட்டினேன். உங்கள் சீட்டை மட்டும் எடுத்துவிட்டேன். போன் அடித்துக்கொண்டே இருந்ததால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாம் தபாலுக்குப் போய்விட்டன.

முதலில் போன் செய்தவர் ஒரு ஆண். "ஏம்மா, 'அன்புள்ள அம்மையீர், உங்கள் மேல்வரிசை தயாராக உள்ளது'ன்னு எனக்கு வந்திருக்கு. நான் ஆம்பளை. எனக்குக் கீழ்வரிசை. இதுல பெரிய டீச்சர் பேர் போட்டிருக்கே?" என்றார். ஒருவருக்குத்தான் மாறிப் போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனை வைத்தால், அடுத்த போன். அதற்கடுத்த போன். அன்று மாலைக்குள் லிஸ்டில் ஒரே ஒருத்தருக்கு மட்டும் அந்தக் கடிதம் போகவில்லை என்பது உறுதியாகிவிட்டது. அது நீங்கள்தான். அந்த அளவுக்கு நான் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன்.

உடனே கம்ப்யூட்டர்காரரைப் போனில் பிடித்தேன்.

"இசட் டிரைவ் தெரியுதாம்மா?"

"தெரியுது. மேல சிவப்பா ஒரு பெருக்கல் குறி இருக்கு."

"அப்போ கனெக்‌ஷன் போச்சு. கனெக்‌ஷன் இல்லாம திறந்தா, கடைசியா திரையில எந்தப் பேர் நின்னுச்சோ அதுவே எல்லாத்துலயும் நின்னுடும். பின்ரூம் கம்ப்யூட்டர்ல நீல வயர் மாட்டியிருக்கா?"

மாட்டியிருக்கவில்லை. பீரோவை நகர்த்தும்போது பெயிண்ட்காரர் அதைக் கழற்றி, வட்டமாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, என் மேஜை டிராயரிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நானும் டிராயரைத் திறக்கும்போதெல்லாம் பார்த்தேன். என்ன நேர்த்தியாகச் சுருட்டியிருக்கிறார் என்றுதான் தோன்றியது.

வயரை மாட்டினேன். சிவப்புக் குறி போகவில்லை. டிரைவைப் புதிதாகச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். அது ஒய் என்று வந்து நிற்கிறது. ஏனென்றால் செத்துப்போன இசட் இன்னும் இடத்தைக் காலி செய்யவில்லையாம். லிஸ்ட் ஒய்யில் இருக்கிறது, கடிதம் இசட்டில் தேடுகிறது. வீடு மாறிப் போனவர்களைப் பழைய வீட்டில் போய்க் கதவு தட்டுகிற கதை. "சரி, லிஸ்ட் எங்க இருக்குன்னு கடிதத்துக்கு நீங்களே காட்டுங்க" என்றார். காட்டலாம் என்று போனால், லிஸ்ட் புதுசு, லிஸ்ட் கடைசி, லிஸ்ட் கடைசி இதுதான், லிஸ்ட் கடைசி தொடாதே என்று வரிசையாக நிற்கின்றன. எல்லாம் நான் வைத்த பெயர்தான், எதற்கு வைத்தேன் என்றுதான் தெரியவில்லை. ஒன்றைத் தொட்டேன். "அன்புள்ள பிளாஸ்டர் பவுடர் கம்பெனி, உங்கள் கீழ்வரிசை தயாராக உள்ளது" என்று வந்தது. அடுத்ததைத் தொட்டேன், பழைய வேலைக்காரர்கள் சம்பளப் பட்டியல். கடைசியில் தொடாதே என்று எழுதியிருந்ததைத் தொட்டேன், அதுதான் சரியான லிஸ்ட். பழைய இசட்டைத் துண்டித்து, ஒய்யை எடுத்து இசட் ஆக்கி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, கடிதத்தைத் திறந்தால் மறுபடி அதே பெட்டி. கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்று போட்டேன். எல்லாப் பெயரும் அவரவர் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. சந்தோஷப்படக்கூட எனக்கு மனசு வரலை அண்ணி. அழுதுட்டேன்.

நேற்று உங்கள் தம்பியிடம் "வெள்ளிக்கிழமை விழாவுக்கு நான் போகப் போறதில்லை, உடம்பு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றீர்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு உழைத்துவிட்டு, என் ஒரு விரல் தவறியதற்காக நீங்கள் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வருவதா? அதனால் ஒரு திருத்தக் கடிதம் தயார் செய்து வைத்திருக்கிறேன். "எங்கள் சென்ற கடிதத்தில் குறிப்பிட்ட தலைமையாசிரியைக்கும் எங்களிடம் உள்ள மேல்வரிசைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் வாயில் உள்ளவை அனைத்தும் அவருடைய சொந்தப் பற்களே" என்று எழுதியிருக்கிறேன். டாக்டர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நீங்கள் சரி என்றால் நாளைக் காலையிலேயே அதே லிஸ்டுக்கு அனுப்பிவிடுவேன். வேண்டாம் என்றால் இனி என் கையால் ஒரு கவர் கூடத் தபால் பெட்டியில் விழாது, வேலையையே விட்டுவிடுகிறேன். அந்த லிஸ்டில் இருப்பவர்கள் யார் யார் என்று மட்டும் என் உயிரே போனாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன். உங்கள் ரகசியம் போனது போல் இன்னொருவர் ரகசியம் என்னால் போகக் கூடாது.

திட்டுங்கள், அண்ணி. ரெண்டு அறை வேணும்னாலும் குடுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க. உங்கள் செட் டாக்டர் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் மேடை ஏற வேண்டும். அதைப் பார்க்க முன்வரிசையில் இல்லாவிட்டாலும் கடைசி வரிசையில் ஒரு மூலையில் நிற்க எனக்கு அனுமதி தர வேண்டும். உங்கள் ஆசீர்வாதம் இந்த வீட்டின் கீழ்த்தளத்துக்கும் கொஞ்சம் இறங்கி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

தங்கள் கோபத்துக்கு முழுவதும் பாத்திரமான,
தம்பி மனைவி

பி.கு.: கடிதத்தை மடிக்கப் போனேன், உங்கள் தம்பி உங்கள் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா மேல சிரிச்சுக்கிட்டு இருக்கு" என்றார். கோபச் சிரிப்பா என்று கேட்டேன். பிறகு அவரே சொன்னார்: "இன்னிக்கு உதவி எச்.எம். அக்கா ரூமுக்குள்ள வந்து கதவைச் சாத்திட்டு, அந்தக் கடுதாசியை நீட்டி, 'கேள்விப்பட்டதுலேர்ந்து மனசே சரியில்லை டீச்சர்'னாங்களாம். அக்கா கவரைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'இது உங்க வீட்டுக்கு எதுக்குங்க வந்துச்சு?'ன்னு கேட்டுச்சாம். அந்தம்மா டக்குனு வாயை மூடினவங்கதான், சாயங்காலம் வரைக்கும் திறக்கலையாம்." அப்போதும் எனக்கு விளங்கவில்லை, பாவம், அவர்களுக்கும் உடம்புக்கு என்னவோ என்றுதான் நினைத்தேன். "அட மண்டு, பல்செட்டுக்குக் காத்திருக்கிறவங்களுக்குத்தானே அந்தக் கடுதாசி போகும்!" என்று அவர் கத்தின பிறகுதான் உறைத்தது. ஆமாம் அண்ணி! எனக்குத் தோணவே இல்லையே!

பெற்றோர் சங்கத் தலைவரும் பழைய மாணவர் சங்கத் தலைவரும் இதே மாதிரி வந்து துக்கம் விசாரித்து, இதே கேள்வியை வாங்கிக்கொண்டு போனார்களாமே. நாளைக்குக் காலையில் செட்டை வாங்கிக்கொள்ள வருவதாகவும், விழாவுக்கு என்னை முன்வரிசையில் உட்காரச் சொன்னதாகவும் உங்கள் தம்பி சொல்கிறார். மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள்ளுங்கள். திருத்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மேடையில் பேசப் போகிற நாலு பேரில் மூன்று பேர் பணிவாகிவிட்டார்கள், தாளாளர் மட்டும் ஏன் இன்னும் வந்து விசாரிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களாமே. யார் பெயரையும் நான் சொல்லக் கூடாது. ஆனால் கதவு எண் தப்பு என்று ஒரு கவர் இன்று மத்தியானம் கிளினிக்குக்குத் திரும்பி வந்திருக்கிறது. எண்ணைத் திருத்தி நாளைக்குக் காலையில் மறுபடி தபாலில் போட்டுவிடட்டுமா, அண்ணி?