தீப்பெட்டி அக்காவும் முயல் முடி ஸ்வெட்டரும்

நீலகிரி மலையில் உல்லன் நூல் விற்றவர்கள் மழைக்குப் பயந்தார்கள், எலிக்குப் பயந்தார்கள். ஆனால் எங்கள் தீப்பெட்டி அக்காவுக்குப் பயந்த அளவுக்கு வேறு எதற்கும் பயந்ததில்லை. குன்னூர் மார்க்கெட்டில் அவள் தலை தெரிந்ததுமே ஒரு கடைக்காரர் கதவைப் பாதி சாத்திவிட்டு, "சாப்புடப் போறேனுங்க" என்று கிளம்பியதை நானே பார்த்திருக்கிறேன். அப்போது மணி காலை பத்து.

விஷயம் இதுதான். அக்காவிடம் ஒரு நூல் உருண்டையைக் காட்டி "சுத்தமான கம்பளி" என்று சொல்லிவிட்டால் போதும். நுனியில் ஒரு அங்குலம் கிள்ளுவாள். இடுப்பு மடிப்பிலிருந்து தீப்பெட்டி வெளியே வரும். நூலைக் கொளுத்தி மூக்கருகே கொண்டுபோவாள். தலைமுடி கருகிய வாசம் அடித்தால் அது கம்பளி. உருகி, சின்ன மணியாக உருண்டு நின்றால் நைலான். நைலான் என்றால் அந்த மணியை ஆறவைத்துக் கடைக்காரர் உள்ளங்கையிலேயே வைப்பாள். "இந்தாங்க, ஒங்க ஆடு போட்ட முட்டை" என்பாள்.

நான் அப்போது குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியில் டைப்பிஸ்ட். கோயமுத்தூர் மில் தொழிலாளியின் மகள், வயது இருபத்து நாலு, வாய் கொஞ்சம் நீளம். என் வாடகை அறைக்குப் பின்புறச் சரிவில் தகரக் கூரை போட்ட ஒரு வரிசை வீடுகள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. கடைசி அறை அக்காவுடையது. பகலெல்லாம் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கூலி வேலை, மிச்ச நேரமெல்லாம் பின்னல் ஊசி. சிலோனில் ஒரு துரை பங்களாவில் ஆயாவாக இருந்தபோது துரைசாணியிடம் பின்னக் கற்றவள். அவளுடைய சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஒரு தடவை கடிதம் படித்துச் சொல்லச் சொல்லி என் ஆபீசுக்கே வந்துவிட்டாள். எங்கள் மானேஜர் அன்று தன் லண்டன் கம்பளிக் கோட்டைப் பற்றி ஆறாவது முறையாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மரியாதையாகக் கும்பிட்டாள். குனிந்து, கோட்டின் ஓரத்தில் தொங்கிய ஒரு இழையைப் பிய்த்தாள். அடுத்த நிமிஷம் மானேஜர் மேஜையில் ஒரு முட்டை இருந்தது. அதன் பிறகு அந்தக் கோட்டை நாங்கள் பார்க்கவில்லை. அக்காவை ஆபீசுக்குள் விடக் கூடாது என்று உத்தரவு வந்தது. நாங்கள் மூன்று டைப்பிஸ்டுகளும் அவளுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தோம்.

இந்தச் சோதனைக்கெல்லாம் பின்னால் ஒரு ஆள் இருந்தான். அவள் மகன். புருஷன் சிலோனிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். மகனுக்கு வயது வந்துவிட்டதால், இந்தியாவுக்குத் திரும்பக் கேட்டு அவன் போட்ட மனு தனி, இவள் மனு தனி. இவளுக்கு முதலில் பயணச் சீட்டு வந்தது, ஏற்றி அனுப்பிவிட்டார்கள். "அடுத்த கப்பல்ல வந்திருவான்" என்று தலைமன்னார் துறைமுகத்தில் யாரோ சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று வருஷமாக இருந்தாள். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கம்பளி ஒத்துக்கொள்ளாது. மேலே பட்டால் தடிப்புத் தடிப்பாக எழும்பிவிடும். "குளிருல நடுங்கிக்கிட்டே வளந்த புள்ள, டைப்பிஸ்டம்மா. நைலான் குளிரத் தாங்காது, ஆட்டுக் கம்பளி அரிக்கும். அவன் மேலுக்கு அரிக்காத ஒரு நூல் இந்த ஒலகத்துல இல்லாமலா போயிரும்?" என்பாள்.

அந்த ஐப்பசியில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. படித்துச் சொன்னது நான்தான். பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, தை மாதம் வருகிறேன் என்று எழுதியிருந்தான். அக்கா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. "தை மாசம் இங்க உறைபனி விழுகுமே" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கடுத்த வாரம் வெலிங்டனில் ஒரு உல்லன் கண்காட்சி. எஸ்டேட் சீமாட்டிகளும் பட்டாள அதிகாரிகளின் மனைவிமாரும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு முறை நடத்துவது. கடையில் கிடைக்காத நூலெல்லாம் அங்கே வரும். காஷ்மீர் ஆட்டு நூல், பட்டு கலந்தது, ஜிகினா ஓடியது, பிரித்தெடுத்த பழைய சீமை ஸ்வெட்டர் நூல் என்று மேஜை மேஜையாக இருக்கும். இங்கிலீஷ் லேபிள் படிக்க ஆள் வேண்டும் என்று அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

முதலில் கழுத்துச் சோதனை. ஒவ்வொரு நூலையும் எடுத்துத் தாடைக்குக் கீழே வைத்துத் தேய்த்துக்கொண்டு, கண்ணை மூடி நூறு எண்ணுவாள். மேஜைக்குப் பின்னால் நின்ற சீமாட்டிகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். "ஏனுங்க்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். "பாக்கட்டும். அவங்க புள்ளைக்கா அரிக்கப் போகுது?" என்றாள்.

மூன்றாவது மேஜையில் தீப்பெட்டி வெளியே வந்துவிட்டது. ஒரு மேஜரின் மனைவி "ஃபயர்! ஃபயர்!" என்று அலறினார். பட்டாள ஊரில் அந்தச் சொல்லைச் சும்மா சொல்லலாமா? வாசலில் இருந்த இரண்டு ஜவான்கள் மணல் வாளியோடு ஓடி வந்தார்கள். அக்கா எரிகிற நூலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் பங்களா இங்கிலீஷில், "நோ நோ மேடம், ஒன்லி ஸ்மால் ஃபயர்!" என்றாள். நான் அவளைத் தெரியாதவள் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

எங்களை வெளியே அனுப்புகிற வழியில், கடைசி மேஜையில்தான் அந்த நூல் இருந்தது. நாற்பது முயல் வளர்க்கும் ஒரு கிழட்டுத் துரைசாணி, வெட்டிய முயல் முடியைத் தானே நூற்றுக் கொண்டுவந்திருந்தார். பனிப்புகை நிறம். அக்கா அதைக் கழுத்தில் வைத்தாள், நூறு எண்ணினாள், இருநூறு எண்ணினாள். கண்ணைத் திறந்தபோது நீர் நின்றது. தீப்பெட்டியை அவள் எடுக்கவேயில்லை.

கையில் இருந்த பணம் அந்த நூலுக்குக் காணாது. துரைசாணியின் காலடியில் முடி உதிர்ந்த ஒரு கிழ நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. "உங்க நாய்க்கு நான் ஸ்வெட்டர் பின்னித் தாறேன், தொரசாணி. நாலு காலுக்கும் கை வச்சு" என்றாள் அக்கா. பேரம் முடிந்தது. அளவெடுக்கும்போது நாய் கடித்துவிட்டது. நான் பதறினேன். "கடிக்கல, டைப்பிஸ்டம்மா. அளவு சரியான்னு பாக்குது" என்று கையை உதறிக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

நாய் ஸ்வெட்டர் ஒரு வாரத்தில் முடிந்தது. மகன் ஸ்வெட்டருக்குத்தான் அளவு இல்லை. "என் தலைக்கு மேல நாலு விரல் ஒசரம்" என்பது மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பாள். தன்னைவிட நாலு விரல் உயரமான வாலிபன் யார் வந்தாலும் மறித்து, "தம்பி, கொஞ்சம் கையத் தூக்குங்க" என்பாள். ஒரு ஜவான் எதிரியிடம் மாட்டியவன் போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றதில் அவன் பஸ்ஸே போய்விட்டது. பிறகு அவனுக்கு ஒரு குல்லா பின்னிக் கொடுத்தாள்.

மார்கழி பாதியில் ஸ்வெட்டர் முடிந்தது. நான் அப்படி ஒரு பொருளை அதற்கு முன்னும் பின்னும் தொட்டதில்லை. அவள் அறையில் கூரை ஒழுகியது, எலி வேறு. "ஒங்க பெட்டியில இருக்கட்டும், டைப்பிஸ்டம்மா" என்று என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

இனி வருவது என் வெட்கக்கேடு. ஸ்வெட்டரில் விறகுப் புகை வாசமும் முயல் வாசமும் அடித்தன. மகன் வந்து போடும்போது மணக்க வேண்டாமா? நான் மில் குவார்ட்டர்ஸில் பிறந்தவள். நூலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்ற திமிர். எங்கள் வீட்டில் புதுத் துணி எதுவானாலும் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வேகவைத்துக் கல்லில் நாலு அடி அடித்தால்தான் உடுத்துவோம். பருத்தி அதற்கெல்லாம் அசையாது. அண்டாவில் தண்ணீர் கொதித்தது, ஸ்வெட்டரை உள்ளே போட்டேன். கல்லில் அடிக்கவும் அடித்தேன்.

வெளியே எடுத்தபோது அது அட்டை மாதிரி தடித்து, ஐந்து வயதுக் குழந்தையின் சட்டை அளவுக்கு வந்திருந்தது.

அக்கா சாயங்காலம் மண் அப்பிய காலோடு வந்தாள். நான் அதை நீட்டினேன். ஸ்வெட்டர் கைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். மார்பைச் சாண் போட்டாள். இரண்டு சாண்கூட இல்லை. "தெரியாமப் பண்ணிட்டனுங்க்கா" என்று அழுதேன். "அழுவாதீங்க. நனைஞ்ச கையோட நிக்கிறீங்க, சளி புடிக்கும்" என்று சொல்லிவிட்டு அதை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் பார்த்தேன். அவள் வாசல் கயிற்றில் அந்த ஸ்வெட்டர் நனைந்து தொங்கியது. இரண்டு கையிலும் இரண்டு கருங்கல் கட்டியிருந்தாள், இழுத்து நீட்டுவதற்கு. அடுத்த நாள் கல் பெரிதாக இருந்தது. நாலாம் நாள் கற்கள் கீழே கிடந்தன. ஸ்வெட்டர் அப்படியேதான் இருந்தது.

துரைசாணியிடம் ஓடினேன். முயல்களுக்கு முடி வளர இன்னும் இரண்டு மாதமாவது ஆகும் என்றார். அக்காவிடம் மிஞ்சியிருந்தது ஒன்றரை உருண்டை. அதை வைத்துக் கழுத்துக்கு ஒரு மப்ளர் பின்னினாள். "கழுத்துக்குத்தானே குளிரு மொதல்ல ஏறுது" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள்.

தை பிறந்தது. தினமும் மலை ரயில் வரும் நேரத்துக்கு மப்ளரைத் தோளில் போட்டுக்கொண்டு குன்னூர் ஸ்டேஷனில் நின்றாள். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் பிளாட்பாரம் தெரியும். இறங்குகிறவர்களில் தன்னைவிட நாலு விரல் உயரமானவன் யாராவது வந்தால் அக்கா ஒரு அடி முன்னால் வைப்பாள், பிறகு பின்னால் வைப்பாள். ஒன்பது நாள் அப்படி நின்றாள். வேலை போயிற்று. பத்தாம் நாள் ரயில் வருவதற்கு முன் கடிதம் வந்தது.

நான்தான் படித்தேன். அவனுக்கு அங்கே கல்யாணம் ஆகிவிட்டது. அந்தப் பெண்ணுக்குச் சிலோன் பிரஜாவுரிமை. அவன் கப்பல் ஏறினால் அவளைக் கூட்டிவர முடியாது. "அம்மா, நான் வரவில்லை. என்னை மன்னித்துக்கொள்" என்று முடித்திருந்தான்.

"இன்னொருக்கா வாசிங்க" என்றாள். வாசித்தேன். மடியில் இருந்த ஊசிகளை ஒதுக்கி வைத்தாள். பிறகு, "பதில் எழுதுங்க" என்று சொல்லத் தொடங்கினாள். "நான் சொகமா இருக்கேன். இங்க குளிரே இல்ல. மப்ளர் ஒண்ணு பார்சல்ல வருது, அந்தப் புள்ளையும் நீயும் மாத்தி மாத்திப் போட்டுக்கங்க. அவள ஒருநாளும் கை நீட்டி அடிச்சிராத."

என்னால் எழுத முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டு, "அந்த ஸ்வெட்டராவது நல்லபடியா இருந்திருந்தா அனுப்பியிருக்கலாமுங்க்கா. நாந்தான் கெடுத்துட்டேன்" என்றேன்.

அவள் என் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கையில் மண்ணும் முயல் முடியும் மணத்தன. "நல்ல வேள நீங்க அத சுடுதண்ணியில போட்டீங்க, டைப்பிஸ்டம்மா. முழுசா இருந்திருந்தா நான் பார்சல்ல போட்டிருப்பேன்னா நெனைக்கிறீங்க? தெனம் எடுத்து வச்சுப் பாத்துக்கிட்டே செத்திருப்பேன்" என்றாள்.

பொய். அதை அனுப்பியிருப்பாள். அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு எட்டு வருஷம் அக்கம்பக்கத்தில் இருந்தோம். என் கல்யாணத்துக்குச் சால்வை பின்னினாள், என் பிள்ளைகளுக்குக் காலுறை பின்னினாள். எந்த நூல் வாங்கினாலும் கொளுத்திப் பார்த்துவிட்டுத்தான் என் பிள்ளைகள் மேல் பட விட்டாள். அந்த ஸ்வெட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம், அக்கா.