ஹாப்கின்ஸ் துரையின் தகப்பனார்

வம்சப் பெருமை பேசுகிறவனிடம் சொந்தமாகப் பீற்றிக்கொள்ள ஒரு மண்ணும் இருக்காது. அடித்துச் சொல்கிறேன், கல்யாணத்துக்கு முன்பு நானே அப்படி அலைந்த பிறவி.

பாளையங்கோட்டையின் பழைய மிஷன் குடும்பம் எங்களுடையது. பூட்டனாரின் பெயர் ஜோனத்தான் ஹாப்கின்ஸ். அவர் அமெரிக்கர் என்று கண்டுபிடித்த மேதை நான்தான். ஆதாரம், ஆங்கிலத்தில் அவர் எழுதிய உயில். அதில் மகனுக்கு ஒரு கோட்டு. கூடவே, ‘அமெரிக்காவிலுள்ள மூத்த ஹாப்கின்ஸுக்கு என் நன்றி’ என்று ஒரு வரி. மூத்தவர் என்றால் தகப்பன்தானே! (என் மூளை அவ்வளவுதான் ஓடும்.)

வண்ணார்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போன அன்று, சபையிலிருந்து பூட்டனாரின் திருமணப் பதிவு நகலும் கிடைத்தது. பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பைக்குள் திணித்தேன். ஜெபாவைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அசத்தியாக வேண்டுமே!

“எங்களுது அமெரிக்க வம்சம் சார்” என்று அவள் அப்பாவிடம் நகலை நீட்டினேன். கண்ணாடி இல்லாததால் அவர் மகளிடம் கொடுத்தார்.

ஜெபா சத்தமாக வாசித்தாள். “மணமகன் ஜோனத்தான் ஹாப்கின்ஸ். தகப்பன் பேரு சுடலைமுத்து. தொழில் பனையேத்து. ஊரு உடன்குடி.” நிமிர்ந்து பார்த்தாள். “அமெரிக்காவுல உடன்குடி எந்தப் பக்கம் இருக்கு?”

என் அம்மா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட வந்த என் மாமா மிக்சரை மெல்லாமல் விழுங்கினார்.

“தம்பி, அந்தக் காலத்துல மிஷன் போர்டிங்ல தங்கிப் படிக்க பிள்ளையளுக்கு வெளிநாட்டுல இருந்து யாராவது படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்புவாவ” என்றார் ஜெபாவின் அப்பா. “ஞானஸ்நானத்துல அவுக பேரையே பிள்ளைக்கு வச்சிருவாவ. எங்க தாத்தாவும் அப்படி ஒரு வில்லியம்ஸ்தான். நாங்க என்ன லண்டன்லயா சம்பந்தம் தேடுதோம்?”

பனையேறி, மகனைப் படிக்க விட்ட மனிதரைத் தள்ளிவிட்டு, முகம் தெரியாத ஒருவரைத் தகப்பனாக்கியிருந்தேன். வெட்கமாக இருந்தது. சம்பந்தம் போச்சு என்றே எழுந்தேன்.

“அப்பா, அமெரிக்காக்காரருன்னா யோசிக்கணும். சுடலைமுத்து வம்சம்னா எனக்குச் சம்மதம்” என்றாள் ஜெபா.

கல்யாணமாகிப் பிள்ளைகளும் வளர்ந்தாயிற்று. காப்பியில் நான் குறை சொன்னால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்: “துரைக்கு உடன்குடிக் கருப்பட்டி ஒத்துக்கிடலையாம்ல! அமெரிக்காவுக்கு ஒரு போனைப் போடுங்க!”

வாயை மூடிக்கொண்டு குடித்துவிடுவேன்.